வார நாளில் ஸ்டேக்கும் கிரீம் பாஸ்தாவும்

ஸ்டேக், பாஸ்தா, கிரீம் சாஸ். இவற்றை மூன்று தனி வேலைகளாக நினைத்துத் தொடங்கினால், வேலைக்குப் போய்வந்த இரவுக்கு இந்தச் சாப்பாடு ஒத்துவராது. சாஸ் கெட்டியாவதற்குள் பாஸ்தா குழைந்துவிடும். பாஸ்தாவை வடிப்பதற்குள் இறைச்சி ஆறிவிடும். கழுவ வேண்டிய பாத்திரங்களும் தொட்டி நிறைய சேர்ந்துவிடும்.

உண்மையில் மூன்றும் ஒன்றோடொன்று கோத்த வேலைகள். ஸ்டேக்கை வாட்டியதும் வெட்டக் கூடாது; ஏழெட்டு நிமிடம் அப்படியே விட வேண்டும். பாஸ்தா வேகவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும். அதே நேரத்தில், ஸ்டேக் வாட்டிய அதே வாணலியில், அது விட்டுப்போன பழுப்பிலிருந்தே சாஸைச் செய்துவிடலாம். சாஸுக்குத் தனி நேரமோ தனிப் பாத்திரமோ வேண்டாம். இந்த வரிசை பிடிபட்டால் ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைபவர் எட்டு மணிக்குச் சாப்பிட உட்காரலாம். அந்த ஒரு மணி நேரத்திலும் அடுப்பின் முன்னால் நிற்க வேண்டியது கடைசி இருபது நிமிடம்தான்.

பாஸ்தா இத்தாலியிலிருந்து வந்தது என்றாலும், கிரீம் சாஸும் மாட்டிறைச்சியும் ஒரே தட்டில் சேர்ந்து வரும் இந்தச் சாப்பாடு அமெரிக்க வீட்டுச் சமையலில் ஊறியது. அதன் மூதாதையான ஃபெட்டுச்சினி ஆல்ஃப்ரெடோ, ரோம் நகரில் உணவகம் நடத்திய ஆல்ஃப்ரெடோ டி லெலியோவின் பெயரைத் தாங்கியது. அவர் சேர்த்தது வெண்ணெயும் பர்மேசான் சீஸும் மட்டுமே. அது அமெரிக்கா போன பிறகுதான் கிரீம் சேர்ந்தது, பூண்டு சேர்ந்தது, மேலே இறைச்சியும் ஏறியது. லண்டனிலும் டொராண்டோவிலும் சிட்னியிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதற்கான சாமான்கள் எல்லாம் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். சென்னை, கொழும்பு போன்ற நகரங்களிலும் சற்றுத் தேடினால் வாங்கிவிடலாம்.

நான்கு பேருக்குத் தேவையானவை

ஸ்டேக்: 2 துண்டுகள், ஒவ்வொன்றும் 300 கிராம் அளவில், 2.5 செ.மீ. தடிப்பு
பாஸ்தா (பென்னே, ரிகடோனி அல்லது ஃபெட்டுச்சினி): 320 கிராம்
கிரீம்: 250 மி.லி.
பர்மேசான் சீஸ்: 60 கிராம், சாப்பாட்டுக்குச் சற்று முன் துருவியது
சின்ன வெங்காயம்: 8, பொடியாக நறுக்கியது
பூண்டு: 4 பல், பொடியாக நறுக்கியது
வெண்ணெய்: 2 மேசைக்கரண்டி
உப்புக் குறைந்த சிக்கன் ஸ்டாக் அல்லது வெந்நீர்: 120 மி.லி.
கடுகு பேஸ்ட் (டிஜோன் வகை): 1 தேக்கரண்டி
சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் அல்லது கடலை எண்ணெய்: 1 மேசைக்கரண்டி
உப்பு, கொரகொரப்பாக இடித்த மிளகு, சிறிது பார்ஸ்லி
விரும்பினால்: பட்டன் காளான் 200 கிராம் அல்லது பசலைக்கீரை இரண்டு கைப்பிடி

எந்தத் துண்டை வாங்குவது?

ஸ்டேக் என்பது நார்களுக்குக் குறுக்கே தடிமனாக வெட்டிய துண்டு. சில நிமிடங்களில் வேகும் சமையல் என்பதால், உயிரோடிருந்தபோது அதிகம் உழைக்காத தசையாகப் பார்த்து எடுக்க வேண்டும். முதுகுப் பகுதி அப்படிப்பட்டது. கால், கழுத்துப் பகுதிகள் நீண்ட நேரம் கொதிக்கும் குழம்புக்கு அருமையானவை. எட்டு நிமிட வாட்டலில் அவை மெல்லவே முடியாத அளவுக்கு விறைத்துப்போகும்.

ரிப் ஐ துண்டில் தசைக்கு நடுவே வெள்ளைக் கோடுகளாகக் கொழுப்பு ஓடும். சூட்டில் அது உருகி இறைச்சியை நனைப்பதால், கொஞ்சம் கூடுதலாக வெந்துவிட்டாலும் வறண்டுபோகாது. முதல்முறை சமைப்பவருக்கு இதுவே பாதுகாப்பான தேர்வு. டெண்டர்லாயின் மிக மிருதுவானது, ஆனால் கொழுப்பு குறைவு, விலை அதிகம். நம் ஊர் மாட்டிறைச்சிக் கடைகளில் அண்டர்கட் என்று கேட்டால் கொடுப்பது இதைத்தான்.

வெளிநாட்டில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே பெயர் ஊருக்கு ஊர் வேறு துண்டைக் குறிக்கும். பிரிட்டனில் சர்லாயின் என்று விற்கப்படுவது அமெரிக்காவில் ஸ்ட்ரிப் எனப்படும் மென்மையான துண்டு. அமெரிக்காவில் சர்லாயின் என்று கிடைப்பதோ பிரிட்டனில் ரம்ப் எனப்படும் சற்று உறுதியான துண்டு. ஆஸ்திரேலியாவில் எலும்பில்லாத ரிப் ஐயின் பெயர் ஸ்காட்ச் ஃபில்லெட். சமையல் குறிப்பு எந்த நாட்டில் எழுதப்பட்டது என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் ஏமாற்றம் இருக்காது.

தடிப்பிலும் கவனம் வேண்டும். ஒரு செ.மீ. துண்டு, வெளியே நிறம் பிடிப்பதற்குள் உள்ளே முழுக்க வெந்துவிடும். நான்கு மெல்லிய துண்டுகளைவிட இரண்டு தடித்த துண்டுகளை வாங்கி, வெந்த பிறகு கீறி நான்கு தட்டுகளுக்குப் பங்கிடுவது நல்லது.

உப்பை எப்போது போடுவது?

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இது. இறைச்சியை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி ஈரம் போகத் துடைத்து, இரண்டு துண்டுகளுக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்பை எல்லாப் பக்கமும் தூவி, ஒரு தட்டில் திறந்தே வையுங்கள்.

ஐந்து நிமிடத்தில் மேலே நீர்த்துளிகள் அரும்பி நிற்கும். உப்பு உள்ளிருந்து இழுத்த நீர் அது. இந்த நிலையில் வாணலியில் போட்டால் இறைச்சி வதங்காமல் அவியும். நாற்பது நிமிடம் பொறுத்தால் அந்த நீரில் உப்பு கரைந்து, பெரும்பகுதி மறுபடி உள்ளே போய்விடும். மேற்பரப்பு உலர்ந்து தெரியும், உப்பும் மேலேயே நிற்காமல் உள்ளே இறங்கியிருக்கும். நாற்பது நிமிடம் கிடைக்காத நாளில் வாணலியில் போடும் நொடியில் உப்பைத் தூவுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட பத்து, இருபது நிமிடம்தான் வேண்டாத நேரம். காலையில் வேலைக்குப் போகும்முன் உப்புத் தூவி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடாமல் வைத்துவிட்டுப் போக முடிந்தால் அதைவிடச் சிறப்பு. ஃபிரிட்ஜின் உலர்ந்த காற்று மேற்பரப்பை நன்றாகக் காயவைக்கும்.

இறைச்சி அறையின் சூட்டுக்கு வரட்டும் என்று பலர் வெளியே எடுத்து வைப்பார்கள். தடித்த துண்டு அரை மணி நேரத்தில் உள்ளே பெரிதாகச் சூடாகிவிடாது. நாம் காத்திருப்பது உப்புக்காகவும் உலர்வதற்காகவும்தான்.

நிமிடக் கணக்கு

7:00 இறைச்சியைத் துடைத்து உப்பிடுங்கள். பிறகு முகம் கழுவலாம், பிள்ளைகளோடு பேசலாம்.
7:20 பெரிய பாத்திரத்தில் 3 லிட்டர் தண்ணீரை மூடி போட்டு அடுப்பில் வையுங்கள்.
7:25 வெங்காயம், பூண்டு நறுக்கிச் சீஸைத் துருவுங்கள். கிரீம், ஸ்டாக் இரண்டையும் அளந்து அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள்.
7:40 வாணலியைச் சூடாக்குங்கள்.
7:43 ஸ்டேக் வாணலிக்குள்.
7:50 பாஸ்தா கொதிநீருக்குள்.
7:52 ஸ்டேக் வெளியே. அதே வாணலியில் சாஸ் தொடக்கம்.
7:59 பாஸ்தா சாஸுக்குள்.
8:02 ஸ்டேக்கைக் கீறித் தட்டில் வையுங்கள்.

நறுக்கும் வேலையையும் அளக்கும் வேலையையும் 7:40க்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வாணலி சூடான பிறகு பூண்டு உரிக்க நேரமே இருக்காது. பாஸ்தா பாக்கெட்டில் பத்து நிமிடம் என்று போட்டிருப்பதாக வைத்து இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன். உங்கள் பாக்கெட்டில் வேறு எண் இருந்தால், பாஸ்தாவைப் போடும் நேரத்தை அதற்கேற்ப முன்னும் பின்னும் நகர்த்துங்கள்.

வாணலியில் நடப்பது

ஸ்டேக்கின் மணமும் ருசியும் அதன் பழுப்பு மேலோட்டில்தான் பெரும்பாலும் இருக்கின்றன. இறைச்சியிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மய்யாரின் பெயரால் இது மய்யார் வினை எனப்படுகிறது. சமையலறையில் இது விறுவிறுவென்று நடக்க 140 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, ஏனென்றால் வரும் சூடெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். இறைச்சியைத் துடைத்து உலர வைத்ததற்குக் காரணம் இதுதான்.

கனமான, அடி தட்டையான, விளிம்பு உள்ள வாணலியை எடுங்கள். வார்ப்பிரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது. தோசைக்கல்லில் ஸ்டேக் அழகாக வரும், ஆனால் விளிம்பு இல்லாததால் அதிலேயே சாஸ் வைக்க முடியாது. நான்ஸ்டிக் வாணலியில் பழுப்பு ஒட்டாது, அதை இவ்வளவு சூடாக்குவதும் சரியில்லை.

வாணலி நன்றாகக் காய்ந்ததும் எண்ணெயை ஊற்றுங்கள். எண்ணெய் மினுமினுத்து மெல்லப் புகை இழையத் தொடங்கும்போது துண்டுகளை இடைவெளி விட்டு வையுங்கள். உடனே பலத்த சீறல் கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் வாணலி இன்னும் காயவில்லை என்று பொருள். வெண்ணெயை இப்போது சேர்க்கக் கூடாது, அதிலுள்ள பாற்பொருள்கள் இந்தச் சூட்டில் கருகிவிடும்.

ஒரு பக்கத்தை முழுக்க வாட்டிவிட்டு ஒரே ஒரு முறைதான் திருப்ப வேண்டும் என்று பழக்கத்தில் சொல்வார்கள். நிமிடத்துக்கு ஒரு முறை இடுக்கியால் திருப்பினாலும் பழுப்பு நன்றாகவே பிடிக்கும். சூடு இரு பக்கமும் மாறிமாறிப் படுவதால் உள்ளே சீராகவும் வேகும். கடைசியில் துண்டை நிமிர்த்திப் பிடித்து, ஓரத்துக் கொழுப்பையும் வாணலியில் ஒரு நிமிடம் பதியுங்கள்.

வாட்டினால் மேலே ஒரு படலம் உண்டாகி உள்ளேயுள்ள சாற்றை அடைத்துவிடும் என்ற நம்பிக்கை 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் பரப்பிய கருத்து இது. வாணலியைக் கவனித்தாலே இது சரியில்லை என்று தெரியும். வாட்டி முடியும்வரை ஓயாத அந்தச் சீறல், இறைச்சியிலிருந்து வெளியேறி ஆவியாகும் நீரின் சத்தம்தான். நாம் வாட்டுவது ருசிக்காக. சாறு உள்ளே நிற்பதும் போவதும் எவ்வளவு சூடு உள்ளே ஏறுகிறது என்பதைப் பொறுத்தது.

எந்தப் பதத்தில் எடுப்பது?

இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேக் சமைப்பதில் இதைப்போல உதவும் கருவி வேறில்லை. பக்கவாட்டிலிருந்து நடுப்பகுதிக்குச் செருகிப் பாருங்கள்.

நடுவில் இளஞ்சிவப்பாக, சாறு ததும்ப வேண்டுமென்றால் (மீடியம் ரேர்) 52 டிகிரியில் எடுங்கள். சற்றே சிவப்பு போதுமென்றால் (மீடியம்) 58 டிகிரி. சிவப்பே கூடாதென்றால் (வெல் டன்) 68 டிகிரி. வெளியே எடுத்த பிறகும் மேல்பரப்பின் சூடு உள்நோக்கிப் போய்க்கொண்டிருப்பதால் மூன்று, நான்கு டிகிரி தானாக ஏறும். அதைக் கழித்தே இந்த எண்களைச் சொல்லியிருக்கிறேன். 2.5 செ.மீ. துண்டுக்கு மீடியம் ரேர் முதல் மீடியம் வரை மொத்தம் ஏழிலிருந்து ஒன்பது நிமிடம் ஆகும்.

வெட்டும்போது கசியும் சிவந்த நீரைப் பார்த்து இரத்தம் என்று பலர் ஒதுங்குவார்கள். அது தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும் என்பதால், வெளியே நன்றாக வாட்டிய ஸ்டேக்கை உள்ளே சிவப்பாகச் சாப்பிடும் வழக்கம் உண்டானது. ஆனாலும் அமெரிக்க வேளாண்மைத் துறை, முழுத் துண்டுகளுக்கு 63 டிகிரியும் அதன்பின் மூன்று நிமிடம் பொறுப்பதும் பாதுகாப்பு என்கிறது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் அந்த அளவுக்குக் குறையக் கூடாது. மென்மையாக்குவதற்காக ஊசியால் குத்திப் பதப்படுத்திய இறைச்சியில் மேலிருக்கும் கிருமிகள் உள்ளே போயிருக்கும், ஆகவே அதையும் நன்றாகவே வேகவைக்க வேண்டும்.

நம் வீடுகளில் பலருக்கு முழுக்க வெந்த இறைச்சிதான் பிடிக்கும். அவர்களுக்காகச் சமைக்கும்போது கொழுப்பு ஓடிய ரிப் ஐயை எடுங்கள். பழுப்பு பிடித்ததும் தீயை மிதமாக்கி, மெதுவாக 68 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். வறண்டுபோகாத, நன்கு வெந்த ஸ்டேக் கிடைக்கும். இதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும் என்பதால் பாஸ்தாவை அதற்கேற்பப் பின்னால் போடுங்கள்.

எடுத்த ஸ்டேக்கைத் தட்டில் வைத்து இறுக மூடாமல் விடுங்கள். மூடினால் ஆவி படிந்து மேலோட்டின் மொறுமொறுப்பு போய்விடும். சூடு சமனாகச் சமனாக உள்ளேயுள்ள சாறு சற்றுக் கெட்டிப்பட்டு நார்களுக்கிடையே தங்கும். எடுத்தவுடன் வெட்டினால் அது பலகையில் ஓடிவிடும்.

பாஸ்தா வேகும் தண்ணீர்

காய்ந்த பாஸ்தாவை டியூரம் கோதுமை ரவையில் செய்கிறார்கள். 1967-இல் இத்தாலி இதைச் சட்டமாகவே ஆக்கியது. டியூரத்தின் புரதம் வலுவானது என்பதால் கொதிநீரில் போட்டாலும் பாஸ்தா கரையாமல் உருவத்தோடு நிற்கும். பாக்கெட்டில் என்ன கோதுமை என்று பார்த்து வாங்குங்கள். மைதாவில் செய்தது இந்தச் சாஸில் எளிதில் குழைந்துவிடும். ஸ்டேக்கோடு சாப்பிட, குழல் வடிவப் பென்னேயும் ரிகடோனியும் வசதியானவை. சாஸ் குழலுக்குள்ளும் புகும், முள்கரண்டியில் இறைச்சித் துண்டோடு சேர்த்துக் குத்தி எடுக்கவும் முடியும்.

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் ஒரு மேசைக்கரண்டி உப்பைப் போட்டு, பிறகு பாஸ்தாவைப் போட்டுக் கிளறிவிடுங்கள். முதல் இரண்டு நிமிடம் கிளறினால் ஒன்றோடொன்று ஒட்டாது. தண்ணீரில் எண்ணெய் ஊற்ற வேண்டாம். அது பாஸ்தா மேல் படிந்தால் சாஸ் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும்.

பாக்கெட் சொல்லும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாக ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள். நடுவில் ஊசி முனையளவு வெண்மை தெரிந்து, பல்லில் சற்றே எதிர்ப்பு இருந்தால் சரி. மீதி வேக்காடு சாஸுக்குள் நடக்கும். வடிக்கும் முன் மறக்காமல் இரண்டு டம்ளர் தண்ணீரை எடுத்து வையுங்கள். சோற்றுக்கு வடிகஞ்சி எப்படியோ பாஸ்தாவுக்கு இந்தத் தண்ணீர் அப்படி: மாவுச்சத்து கலங்கியிருக்கும். கொழுப்பும் நீரும் பிரியாமல் சாஸ் வழவழவென்று நிற்பதற்கு இந்த மாவுச்சத்து உதவுகிறது. சாஸ் கெட்டிப்பட்டால் வெறும் தண்ணீருக்குப் பதில் இதைத்தான் விட வேண்டும்.

அதே வாணலியில் சாஸ்

ஸ்டேக்கை எடுத்ததும் வாணலியைக் கழுவிவிடாதீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படிவுதான் சாஸின் உயிர். நிறத்தை மட்டும் பாருங்கள். தேன் நிறத்திலிருந்து கரும்பழுப்பு வரை நல்லது. கறுப்பாகிவிட்டால் கசக்கும், அந்த இடத்தை டிஷ்யூ பேப்பரால் துடைத்து எடுத்துவிடுங்கள்.

கொழுப்பு அதிகமாக இருந்தால் ஒரு மேசைக்கரண்டி மட்டும் விட்டு மீதியை வடித்துவிடுங்கள். தீயைக் குறைத்து ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், பிறகு வெங்காயம். இரண்டு நிமிடத்தில் வெங்காயம் கண்ணாடியாகும்போது, அது விடும் ஈரத்திலேயே பழுப்பு இளகத் தொடங்கும். பூண்டைச் சேர்த்து அரை நிமிடம் வதக்குங்கள். பூண்டு பொன்னிறம் தாண்டினால் சாஸ் முழுதும் கசப்பேறும், அதனால் ஸ்டாக்கைக் கையோடு ஊற்றிவிட வேண்டும். ஸ்டாக் சீறிக்கொண்டு கொதிக்கும்போது மரக்கரண்டியால் அடியைச் சுரண்டுங்கள். ஒட்டியிருந்ததெல்லாம் கரைந்து ஸ்டாக் பழுப்பாகும். அது பாதியாக வற்றட்டும்.

இப்போது கிரீம். 35 சதவீதமோ அதற்கு மேலோ கொழுப்பு உள்ள விப்பிங் கிரீம் அல்லது ஹெவி கிரீமைக் கொதிக்கவிட்டாலும் திரியாது. கொழுப்பு அதிகமாகவும் பால் புரதம் குறைவாகவும் இருப்பதே காரணம். இந்தியக் கடைகளில் ஃப்ரெஷ் கிரீம் என்று அட்டைப்பெட்டியில் வருவது பெரும்பாலும் 25 சதவீதக் கொழுப்பு கொண்டது. அதை ஊற்றும்போது தீயை மிகக் குறைத்து, ஓரங்களில் குமிழ் வந்தால் போதும் என்று நிறுத்துங்கள். அதோடு எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பைச் சேர்த்துக் கொதிக்கவும் விடாதீர்கள்.

கடுகு பேஸ்ட்டையும் மிளகையும் சேர்த்து, ஹெவி கிரீம் என்றால் மூன்று நிமிடம் மெல்லக் கொதிக்க விடுங்கள். கரண்டியின் முதுகில் படிந்த சாஸில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் பதம். சாஸ் இன்னும் கொஞ்சம் நீர்க்க இருக்கிறதே என்று தோன்றினாலும் இத்தோடு நிறுத்துங்கள். பாஸ்தாவும் சீஸும் சேர்ந்ததும் அது மேலும் கெட்டியாகும்.

காளான் சேர்ப்பதென்றால், வெங்காயத்துக்கு முன் அதைப் போட்டு நீர் வற்றிப் பழுப்பாகும்வரை வதக்க வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும். கீரை என்றால் கடைசியில் பாஸ்தாவோடு போட்டால் அந்தச் சூட்டிலேயே சுருங்கிவிடும்.

மூன்றும் சேரும் இடம்

வடித்த பாஸ்தாவைச் சாஸில் கொட்டி, எடுத்து வைத்த தண்ணீரில் அரை டம்ளர் ஊற்றி, சிறு தீயில் ஒரு நிமிடம் புரட்டுங்கள். பிறகு அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகுதான் சீஸ். கொதிக்கும் சாஸில் சீஸைக் கொட்டினால் அதன் புரதம் இறுகித் திரிதிரியாகி, கொழுப்பு தனியே மிதக்கும். கைப்பிடி கைப்பிடியாகத் தூவி, ஒவ்வொரு முறையும் புரட்டினால் வெண்ணெயாகக் கரையும். மீதமுள்ள வெண்ணெயையும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

சீஸை முழுத் துண்டாக வாங்கி வீட்டிலேயே துருவுங்கள். துருவி அடைத்து விற்பதில், ஒட்டாமல் இருக்க மாவுப்பொருள் கலந்திருப்பதால் சாஸ் மணல்போல் நெருடலாம். இத்தாலியின் அசல் பர்மேசானான பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் குறைந்தது 12 மாதம் முதிரவைத்த பிறகே விற்க முடியும். அந்த முதிர்ச்சியால் உப்பும் உறைப்பும் அதற்கு அதிகம். ஆகவே சாஸில் உப்பு சரிபார்ப்பதைச் சீஸ் சேர்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேக் வைத்திருந்த தட்டைப் பாருங்கள். அடியில் ஒன்றிரண்டு கரண்டி சாறு தேங்கியிருக்கும். அதைச் சாஸில் ஊற்றிக் கலந்துவிடுங்கள், வீணாக்காதீர்கள்.

இனி வெட்டுவது. இறைச்சியின் மேல் கோடுகளாக நார்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்த்து, அதற்குக் குறுக்கே அரை செ.மீ. தடிப்பில் சாய்வாகக் கீறுங்கள். நார்கள் குட்டையாகத் துண்டுபட்டால் பல்லுக்கு வேலை குறையும். நாரோடு சேர்த்து நீளவாக்கில் வெட்டினால் விலை உயர்ந்த துண்டுகூட ரப்பராக இழுக்கும். துண்டுகளைப் பாஸ்தாவோடு போட்டுக் கிளறாமல் மேலே அடுக்குங்கள். சாஸுக்குள் போனால் மேலோடு ஊறிவிடும், உள்ளே சிவப்பும் மறைந்துவிடும். மேலே மிளகும் பார்ஸ்லியும் தூவி உடனே பரிமாறுங்கள்.

சிக்கல் வந்தால்

சாஸ் பசையாக இறுகிவிட்டதா? பாஸ்தாத் தண்ணீரைச் சூடாக இரண்டு கரண்டி விட்டுப் புரட்டுங்கள். எண்ணெய் பிரிந்து மினுங்குகிறதா? அடுப்பை அணைத்துவிட்டு அதே தண்ணீரை விட்டு வேகமாகக் கிளறுங்கள், பெரும்பாலும் கூடிவரும். நீர்த்துப்போனதா? சீஸ் இன்னும் சேர்க்கவில்லையென்றால், பாஸ்தாவோடு இன்னும் ஒரு நிமிடம் சூட்டில் வைத்துப் பிறகு சீஸைச் சேருங்கள், தானாகச் சரியாகிவிடும். சீஸ் ஏற்கெனவே சேர்ந்துவிட்டதென்றால் இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள், ஆற ஆறக் கெட்டியாகும். இறைச்சி வேகவில்லையென்று வெட்டிய பிறகு தெரிந்தால், துண்டுகளை வெறும் சூடான வாணலியில் பக்கத்துக்கு அரை நிமிடம் வையுங்கள். சாஸில் போட்டு வேகவைக்க வேண்டாம்.

மிச்சமிருந்தால் ஸ்டேக்கையும் பாஸ்தாவையும் தனித்தனி டப்பாவில் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். பாஸ்தாவைச் சூடாக்கும்போது இரண்டு மேசைக்கரண்டி பால் விட்டுச் சிறு தீயில் கிளறினால் சாஸ் திரும்ப இளகும். ஸ்டேக்கை மைக்ரோவேவில் வைத்தால் விறைத்துவிடும். மெல்லியதாகக் கீறி, சூடான பாஸ்தா மேல் வைத்தாலே போதுமான சூடு ஏறும்.

மாட்டிறைச்சி சாப்பிடாத வீட்டில்

வரிசை மாறாது, வாட்டும் பொருள்தான் மாறும். எலும்பில்லாத கோழித் தொடையை உப்பிட்டு அதேபோல் வாட்டலாம். அதற்கு 74 டிகிரி வரை முழுமையாக வேக வேண்டும். இறைச்சியே வேண்டாமென்றால் பெரிய காளான்களைத் தடித்த துண்டாக வெட்டி வாட்டுங்கள், அவையும் வாணலியில் நல்ல பழுப்பு விடும். ஸ்டாக்குக்குப் பதில் வெந்நீர் அல்லது காய்கறி ஸ்டாக் ஊற்றுங்கள். சைவர்கள் கவனிக்க வேண்டியது: அசல் பார்மிஜானோவைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைக் கொண்டு உறைய வைக்கிறார்கள். சைவ ரென்னெட் என்று அச்சிட்ட கெட்டிச் சீஸைத் தேடி வாங்குங்கள்.

முதல்முறை செய்யும்போது இருவருக்கு மட்டும், அளவுகளைப் பாதியாக்கிச் சமையுங்கள். ஒரே ஒரு ஸ்டேக் என்றால் வாணலியில் நெரிசல் இருக்காது, தெர்மாமீட்டரைப் பார்க்கவும் சாஸைக் கவனிக்கவும் நிதானம் கிடைக்கும். சாஸ் சீக்கிரம் வற்றும் என்பதால் அதற்கான நிமிடங்களை மட்டும் சற்றுக் குறையுங்கள். நிமிடக் கணக்கை ஒரு தாளில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டிக்கொள்ளுங்கள். இரண்டு முறை செய்த பிறகு அந்தத் தாளைப் பார்க்கவே வேண்டியிருக்காது. அப்போது நான்கு பேரைச் சாப்பிட அழைக்கலாம், வார நாளாக இருந்தாலும்.